ராஜகுமாரியின் வெள்ளை உடுப்பு

பெரார்கஞ்ச்
5-2-2024

அன்புள்ள மாப்பிள்ளை ரவிச்சந்திரன் அவர்களுக்கு, மாமா முத்துவீரன் சொல்லச் சொல்ல டீக்கடை அழகையா எழுதுவது.

கடல் உள்ளே வந்து எங்க கச்சால் தீவை வாரிக்கிட்டுப் போனதுக்கு மறு வருஷம். நாங்க தகர ஷெட்டுல கிடந்த வருஷம், பந்தல் போட மூங்கில்கூட மிச்சமில்லை. கவர்மெண்டு குடுத்த தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதுக்குக் கீழே உங்களுக்கு என் மக ராஜகுமாரியைக் கொடுத்தேன். எல்லாம் நேத்து மாதிரி இருக்கு.

நேத்து போன்ல கத்தினீங்க. என் காதுல பாதிதான் விழுந்துச்சு. கராத்தே, வெள்ளை, மானம், இவ்வளவுதான் புரிஞ்சது. கோபம் ஆறினதும் விவரமா எழுதி பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்புங்க, அழகையா படிச்சுச் சொல்லுவான்.

இன்னொண்ணு. போன வருஷப் பொங்கலுக்கு வந்தப்ப மக இடது கையில வளையல் இல்லை, மணிக்கட்டு வீங்கியிருந்துச்சு. தண்ணிக் குடம் விழுந்துச்சுப்பான்னா. குடம் விழுந்தா கால்ல இல்ல படணும்? அதைப் பத்தியும் ரெண்டு வரி எழுதுங்க.

முத்துவீரன்
(கைநாட்டு)


ஷாதிபூர்
7-2-2024

மதிப்புக்குரிய மாமாவுக்கு, வணக்கம். முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறீங்களா?

பக்கத்து ஏரியா லம்பா லைன்ல ஒரு ஹால் இருக்கு. பெங்காலி அம்மா ஒருத்தி, எல்லாரும் தீதின்னு கூப்பிடுறது, பொம்பளைங்களுக்குக் கராத்தே கத்துக் குடுக்குது. தீபாவளி கழிஞ்சு உங்க மக அங்க போய்ச் சேர்ந்துட்டா. நாற்பதைத் தொடப் போற வயசு! நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், அவ வெள்ளை உடுத்துறா. தாலியைக் கழட்டி டிபன் பாக்ஸுல வைக்கிறா. பக்கத்து வீட்டு மலையாளி, "க்யா பாய், கர்மே பாக்ஸிங் சல்தா?"ன்னு, வீட்டுல குத்துச்சண்டை நடக்குதான்னு கேட்டுச் சிரிக்கிறான்.

முன்னெல்லாம் தண்ணி லாரி வந்தா ரெண்டு குடம் தூக்கிட்டு இடுப்பைப் பிடிச்சு உக்காந்துருவா. இப்ப பெரிய கேனைத் தோள்ல போட்டு மாடி ஏறுறா. ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டு இருந்தவ, படுத்ததும் தூங்கிடுறா. அவ வேலை செய்யற கடையில ஒரு குடிகாரன் கையைப் பிடிச்சானாம், "ஹாத் சோட்!"னு, கையை விடுடான்னு, இவ போட்ட சத்தத்துல ஓடியே போனானாம். அதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறா. குழம்புல உப்பு இல்லைன்னா முன்னே தலை குனிவா. இப்ப என் கண்ணைப் பார்த்து, "அங்க இருக்கு, போட்டுக்குங்க"ங்கிறா.

ஞாயித்துக்கிழமை கையை ஓங்கிட்டேன். திருப்பி அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை மாமா. அடிக்கலை. என் கையை நடுவுலயே பிடிச்சு நிறுத்தி, "வேண்டாங்க"ன்னா. அவ்வளவுதான். அவ பிடிச்ச அந்தக் கையால சாப்பிட்டா எனக்குச் சோறு இறங்கலை.

வளையல் விஷயம் பழசு. புருஷன் பெண்டாட்டிக்குள்ள இல்லாததா?

உடுப்பைப் பையில வச்சு அனுப்பியிருக்கேன், அடுப்புல போடுங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவா. இல்லைன்னா வெள்ளிக்கிழமை அவளையும் இதே பஸ்ல ஏத்தி விட்டுருவேன்.

உங்கள் மருமகன்
ரவிச்சந்திரன்


பெரார்கஞ்ச்
8-2-2024

ரவிச்சந்திரனுக்கு, முத்துவீரன் சொல்வது.

"மாப்பிள்ளைன்னு போடலையா?"ன்னு அழகையா கேட்டான். பேரை மட்டும் எழுதுடான்னேன்.

உடுப்பு வந்துச்சு. துவைச்சுக் கொடியில காயுது.

தாலின்னு எழுதியிருந்தீங்க. கச்சால் ரப்பர் தோட்டத்துல குனிஞ்சு மரத்துக்கு வெட்டுப் போடறப்ப கத்தியில மாட்டும்னு எங்க பொம்பளைங்க தாலியை முதுகுப் பக்கம் தள்ளிக்குவாங்க. அதனால எந்தப் புருஷனும் சாகலை.

பழசுன்னும் எழுதியிருந்தீங்க. படிச்சவங்க எழுதி வச்சுட்டு மறந்துடலாம், எனக்கு அந்த வசதி இல்லை. நாங்க சிலோனை விட்டு வந்து கச்சால்ல இறங்கின புதுசு. வெள்ளன இருட்டோட ரப்பர் பால் வெட்டப் போற பொம்பளைங்களை வழியில ஆள் நின்னு மறிச்சான். ஓடி ஒளிஞ்சு எங்க வரிசை வீட்டு லயத்துக்குத் திரும்பினா, ஏன்டி லேட்டுன்னு வீட்டுக்காரன் அடி. நாலு பொம்பளைங்க சேர்ந்துக்கிட்டு, மாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பு சுத்தற கூட்டத்துல போய் நின்னு, எங்களுக்கும் கத்துக் குடுங்கன்னாங்க. "அப்ப ஆம்பளைங்க அடுப்பு ஊதவா?"ன்னு லயமே சிரிச்சுச்சு. ஒரு மழைக்காலம் முழுக்கப் பழகினாங்க.

அதுக்குப் பிறகு அவங்க யாரையும் அடிச்சு நான் பார்த்ததில்லை. வழி மறிச்சவன் வேற வழியில போனான். வீட்டுக்குள்ள ஓங்கின கை தானா இறங்கிச்சு. பொம்பளைங்க சத்தமாப் பேசிக்கிட்டே வேலைக்குப் போனாங்க. இப்ப என் மக சிரிக்கிறான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நான் அவ சிரிச்சுக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு.

ராஜகுமாரியை பஸ்ல ஏத்த வேண்டாம். அது அவ வீடு. நாளைக்கு முதல் பஸ்ல இங்கேருந்துதான் ஆள் வருது, உடுப்பையும் எடுத்துக்கிட்டு. கிளாசுக்கு அவ கூடவே போகும். நீங்க வேலை முடிஞ்சு வர்றப்ப கதவைத் திறந்து விடும். எத்தனை நாளைக்குன்னு கேக்காதீங்க. சர்க்கரை வியாதி, டீக்குச் சீனி போட வேண்டாம்.

வைஜெயந்தி காய்ச்சல்ல போச்சு. ஜெயமணி மெயின்லேண்டுக்குப் போய் அங்கேயே முடிஞ்சுது. சந்திரமதியைக் கடல் கொண்டுபோச்சு. கம்பு பழகின அந்த நாலு பேருல இன்னைக்கு உசுரோட இருக்கிறது எங்க அக்கா, அங்கம்மா. நாளைக்கு வர்றது அதுதான்.