கொழுத்த நத்தை

செவ்வாய், ஐப்பசி, 1964.

இன்று லேபுக்கு வந்த வார்டு கவுன்சிலரின் சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

காலேஜ் லேபில் குளத்து நத்தைகளை இரண்டு ஜாடிகளில் வைத்திருந்தேன். ஒன்று சாக்கடை வந்து விழும் இடத்தில் எடுத்தது, மற்றது அக்கரையில். செம்பு முலாம் பூசும் பட்டறைக் கழிவு குளம் முழுக்கக் கலந்திருக்கிறது. ஆனால் சாக்கடைச் சத்தில் பாசி மண்டுகிறது. நத்தை அதை ஓயாமல் மேய்ந்து, பாசியோடு செம்பையும் விழுங்குகிறது. சோதித்ததில் சாக்கடையோர ஜாடி நத்தையில்தான் செம்பு அதிகம்.

"ஏனுங்க சார், இதுதானுங்க நல்லா கொழுகொழுன்னு இருக்குது. சாக்கடைத் தண்ணில சத்து இருக்குதுங்க. அதப் போயி விஷம்ங்கறீங்க?" என்று சிரித்தார் கவுன்சிலர்.

அந்தச் சத்துதான் விஷத்தை ஊட்டிவிடுகிறது என்று கத்தினேன். அவர் காப்பி கேட்டார். இத்தனைக்கும் பி.ஏ. படித்தவர்.

வீட்டில் என் மூலத்துக்கு மருந்தாக நத்தைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்த மனைவி சரசுவிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பொருமினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்கதானுங்க கொழுத்ததாப் பாத்து வாங்கச் சொன்னீங்க. சாக்கடையோரத்துலதான் அப்படிக் கெடைக்குதுன்னு விக்கிறவ சொன்னாளுங்க. அதத்தான் வாங்கிப்போட்டேன்."

நேற்றும் முந்தாநாளும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றவன் நான்.