ப்ரோமோவில் போன ஒரு வரி

மார்ச் 7, சனிக்கிழமை. முகப்பேர்.

மாலையில் மகள் இனியாவோடு அயனம்பாக்கம் ஏரிக்கரைக்கு நடக்கப் போனேன். எதிரே வந்த கீழ்வீட்டுக் கோமதி அக்கா என் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இன்னா மேடம், டிவில பாத்தேன். நீ பெத்துக்கவே இல்லியாமே! அதான் வயிறு இப்டி ஒட்டிக்கினு கீது. மூணு பெத்தவ, என்னப் பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இனியா சைக்கிளைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

தத்தெடுத்த கதை அவளுக்குத் தெரியும். பள்ளியில் நானே சொல்வேன், அதுவரை நீ யாரிடமும் சொல்லாதே என்று கேட்டிருந்தாள். எங்கள் சேனலின் மகளிர் தினப் பேட்டியில் நான் உடற்பயிற்சி பற்றித்தான் பேசினேன். முடிந்ததும் மேக்கப் போடும் பெண்ணிடம், நான் பிள்ளை பெற்றதில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். சட்டையில் மைக் அப்படியே இருந்தது. மைக்கைக் கழற்றும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்று எத்தனை பேரை எச்சரித்திருப்பேன்!

தயாரிப்பாளரை அழைத்து, நாளைய நிகழ்ச்சிக்காக ஓடும் ப்ரோமோவிலிருந்து அந்த வரியை நீக்கச் சொன்னேன்.

"அத எடுத்துட்டா மிச்சம் நீங்க தண்டால் எடுக்கறதுதான் மேடம். அத யாரு பாப்பாங்க?"

படுக்கும்போது இனியா கேட்டாள்.

"அம்மா, திங்கக்கெழம ஸ்கூல்ல கேட்டாங்கன்னா, டிவில பொய் சொல்றாங்கன்னு சொல்லிடவா?"

இருபது வருடமாக அந்த டிவியில் செய்தி சொல்லித்தான் சாப்பிடுகிறேன். சொல்லிடு என்றேன்.