வாப்பாவுக்குத் தொடை வழியாக வைத்த பேஸ்மேக்கர்

கற்பிட்டி
2014 மார்ச்

அன்பு மகன் ஃபாஹிமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் தங்கச்சி ஜுமானாவும் சுகம், கத்தாரில் நீயும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். வாப்பா உயிரோடு இருப்பது சிலருக்குப் புதினமாயிருக்கும், அதனால்தான் முதலிலேயே எழுதினேன்.

நெஞ்சில் முன்பு வைத்த பேஸ்மேக்கரில் சீழ் பிடித்து அதைக் கழற்றியது உனக்குத் தெரியும். புதிதாக வைக்கப் பார்த்தால் இரண்டு தோள்பக்கத்து நரம்பும் அடைபட்டு வயர் இறங்க வழியில்லையாம். கொழும்பில் காட்டிய தனியார் டொக்டர் படத்தை முழுதாய்ப் பார்க்கக்கூட இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்க என்று கையைக் கழுவிவிட்டார். அவரையும் மிஞ்சினார் உன் பெரியவாப்பா நூஹு. வாப்பா மயக்கம் தெளிந்து படுத்திருந்த அறை வாசலில் நின்றே மையவாடியில் எந்த மூலையில் அடக்குவது என்று பேசினார், அதே மூச்சில் தம்பிட படகை இனி யாரு ஓட்டுற என்றும் கேட்டார். வெட்கம் அவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நான் வாப்பாவை வேனில் ஏற்றிக்கொண்டு ஜுமானாவோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு பெண் டொக்டர், மேலால போக ஏலாட்டி கீழால போகலாம், தொடை நரம்பால வயர இதயத்துக்கு ஏத்திட்டு பெட்டிய வயித்துத் தோலுக்குக் கீழ வைப்பம், கிருமி பிடிக்கிற பயம் இருக்கு, ஆனா செய்யலாம் என்றார். செய்தார்கள். நெஞ்சு வருத்தத்துக்குத் தொடையக் கீறுறாங்களாம் என்று பெரியவாப்பா பள்ளிவாசல் முன்னே சொல்லிச் சிரித்தாராம். இப்போது வாப்பாவின் நாடி ஒழுங்காய் அடிக்கிறது. காலை அதிகம் மடக்கக் கூடாதென்று கதிரையில் இருந்து தொழுகிறார், மீன் ஆணத்தில் உப்புக் குறைவு என்று என்னோடு சண்டையும் பிடிக்கிறார். அதே பெரியவாப்பா நேற்று வந்து, என்ட துஆதான் தம்பியக் காப்பாத்தின என்று சொல்லி, இரண்டு கோப்பை பிளேன்டீயும் குடித்துவிட்டுப் போனார்.

அவரை விடு. உன்னை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பாயிருக்கிறது. அன்று போனில், பெரியவாப்பா சொல்றதக் கேளுங்க உம்மா, வாப்பாவ இனி அலைக்காம நிம்மதியா விடுங்க என்றாயே. பெற்ற பிள்ளையின் வாயில் அந்த மனிசனின் கதை! வாப்பாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. மகன் போனில் அழுதான், எப்படியாவது காப்பாத்துங்க என்றான் என்று சொல்லி வைத்தேன். அதை நம்பி, பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்லிச் சந்தோசப்படுகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். பெருநாளைக்கு லீவு எடுத்து வா. வாப்பாவின் முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யை உன் வாயாலேயே ஒரு தரம் சொல்லிவிட்டுப் போ.

உன்னைப் பெற்ற உம்மா
ரம்ஸியா