பச்சைப் பொட்டு வைத்த நத்தை

வேலிக்கு அந்தப் பக்கம் குடியேறிய என் கணவனுக்கு,

என்னுடையதைவிட உன் அக்கா ஓல்வெனின் முட்டைக்கோஸ்தான் பெரிது என்று நீ தேவாலயக் கூடத்தில் ஊரார் முன்னால் சொன்னதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. இது நத்தை விஷயம்.

நீ அலமாரியில் விட்டுப்போன பீரையெல்லாம் கிண்ணங்களில் ஊற்றிப் பாத்தியில் பதித்து வைத்தேன். ஓடில்லாத நத்தைகள் ஆசை தீரக் குடித்துவிட்டு அதிலேயே மிதந்தன. ஓடுள்ளவை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் முட்டைக்கோஸைச் சல்லடையாக்கின. பொறுக்கியெடுத்து வேலிக்கு மேலாக உங்கள் பக்கம் வீசினேன். மறுநாளும் பாத்தியில் அதே கூட்டம்.

நான் வீசியவைதான் திரும்பி வருகின்றனவா என்று பார்க்க, உனக்குப் பிடிக்காத என் சிவப்பு நகப்பூச்சை ஓட்டில் தடவி வீசினேன். எல்லாம் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு. உன் அக்கா வீட்டுக் கொட்டகைக் கதவின் பச்சை.

நேற்று ஓல்வென் வேலியோரம் வந்தாள். "ஏம்மா, நீ எறியறதும் அவன் எறியறதும் என் துணிக்கொடி மேலதான் விழுது. நத்தைக்கே வீட்டுக்குத் திரும்பத் தெரியுது, என் தம்பிக்குத் தெரியலியே. கூட்டிட்டுப் போயேன்."

யோசிக்கிறேன் என்றேன்.

பின்கதவைத் தாழிடவில்லை. நத்தைகளுக்காகத்தான்.

வரும்போது பீர் வாங்கி வா. கிண்ணங்கள் காலி.

இப்படிக்கு,
சின்ன முட்டைக்கோஸ்காரி