ஒன்று புள்ளி நான்கு வோல்ட்

ஜூன் 5

மன்னார்குடி போய் ப்ராசஸர் தலையில் தடவும் பசை வாங்கி வந்தேன். அண்ணி மங்களாம்பிகை டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தினூண்டுக்கா வெயில்ல பஸ் ஏறிப் போன?" என்றார். ஆமாம் அண்ணி, இத்தினூண்டுக்குத்தான்.

பெங்களூர் கம்பெனிக்காரர்கள் சோதனை வேலை அனுப்பிவிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் வரைபடம். வாசலில் நுழைந்து மேடை வரை நடந்து போவதுபோல் மூன்று நிமிடப் படமாக்கித் தர வேண்டும். கெடு இருபத்தொன்றாம் தேதி. பிடித்துவிட்டால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. சென்னை வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. அண்ணன் சோற்றில் உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரிகிறதே.

கம்ப்யூட்டர் பழசு. அதனால் ப்ராசஸரின் வேகத்தை ஏற்றிவிட்டேன், 4.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.9. அதற்கு வைத்த வோல்டேஜ் 1.28.

ஜூன் 8

வெளிச்சம் எங்கெங்கே விழும் என்று கம்ப்யூட்டர் முதலில் ஒரே மூச்சில் முப்பது மணி நேரம் கணக்குப் போடும். நடுவில் நின்றால் திரும்ப முதலிலிருந்து. அதற்குப் பிறகுதான் படம் படமாக வரும், அதில் நின்றால் பாதகமில்லை. இந்த முப்பது மணி நேரம்தான் கண்டம். சாமி கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன்.

ஜூன் 9

போச்சு. இருபத்தொரு மணி நேரம் ஓடியது போச்சு.

காலை ஒன்பதுக்கு மும்முனைக் கரண்ட் வந்ததும் அண்ணன் வயலில் போர்வெல் மோட்டாரைப் போட்டான். பல்பு மங்கியது. அடுத்த நொடி நீலத் திரை. செருப்புகூடப் போடாமல் வரப்பில் ஓடி, வயல் என்றும் பார்க்காமல் கத்தினேன். பாவம், கையில் மண்வெட்டியோடு முழித்தான். "எனக்கென்ன பாப்பா தெரியும் உன் பொட்டி மேட்டரு?"

வீடும் போரும் ஒரே டிரான்ஸ்பார்மர். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. குறுவைக்கு ஊரே போர்த் தண்ணீரை நம்பி நாற்று விட்டிருக்கிறது. அண்ணனுடையது ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நாற்றங்கால், விட்டுப் பன்னிரண்டு நாள்.

சாயங்காலம் கேட்டேன், ரெண்டு நாள் மோட்டார் போடாமல் இருக்க முடியுமா என்று. யோசித்தான். "ரெண்டு நாளு தாங்கும். நீ பாரு." ராஜராஜன் என்று பெயர் வைத்தார்கள். ராஜ்யம் பன்னிரண்டு மா குத்தகை நிலம். தங்கை கேட்டால் அதையும் கொடுப்பான், மடையன்.

ஜூன் 10

வோல்டேஜை 1.32-க்கு ஏற்றினேன். அண்ணன் மோட்டார் ஓடவில்லை. இருந்தும் மதியம் ஒன்றரைக்கு நின்றது.

துரைராசு மாமா மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வயல், அதே டிரான்ஸ்பார்மர். வேறென்ன காரணம் இருக்க முடியும்?

ஜூன் 11

அண்ணன் போய்த் துரைராசு மாமாவிடம் கேட்டிருக்கிறான். நான் போகச் சொல்லவில்லை. "அவரு மோட்டாருதாண்ணே" என்று மட்டும் சொன்னேன். (அது போகச் சொன்னதுதான்.)

மாமா, "உன் தங்கச்சி படம் போடறதுக்கு நான் நாத்தக் காய விடணுமாடா?" என்றாராம். பேச்சு முற்றிவிட்டது. களத்துமேட்டில் நாலு பேர் பார்க்க அண்ணன் அவரை வாடா போடா என்றுவிட்டானாம். அப்பாவின் சிநேகிதரை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

ஜூன் 13

வோல்டேஜ் குறைந்தால் தூக்கிக்கொடுக்க வேண்டும். இந்த ஊரில் பிறந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர், டிவிக்கு ஸ்டெபிலைசர் என்று பார்த்து வளர்ந்தவள். 1.36 வைத்தேன். நின்றது. 1.40 வைத்தேன். சூடு தொண்ணூற்றேழு டிகிரி. அப்படியும் நின்றது.

ரெண்டு நாள் தாண்டியும் அண்ணன் மோட்டாரைத் தொடவில்லை. அண்ணி சமையலறையிலிருந்தே அவனிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி. "நாத்து நுனி கருகுது. இன்னும் எத்தன நாளுன்னு கேட்டுச் சொல்லுங்க."

ஜூன் 14

வாய்க்கால் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை அண்ணனும் அண்ணியும் குடத்தில் மொண்டு ஊற்றுகிறார்கள். ஒரு மா நாற்றங்காலுக்குக் குடம்! நானும் போனேன். "நீ போயி உன் வேலயப் பாரு பாப்பா" என்றான்.

ஜூன் 15

பொட்டியைத் துணியில் சுற்றி பஸ்ஸில் தஞ்சாவூர் கொண்டுபோனேன், சபிஹா ஸ்டுடியோவுக்கு. கல்லூரியில் என்னோடு படித்தவள். கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டுவதில் என்னைவிடக் கில்லாடி. அவள் தெருவில் மோட்டார் கிடையாது, கரண்ட் கல்லு மாதிரி நிற்கும். இங்கே ஓடிவிட்டால் ஒரு வாரம் அவளிடமே விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

பதினோரு நிமிடத்தில் நின்றது.

அவள் வேகமும் வோல்டேஜும் வைக்கிற பயாஸ் பக்கத்தைத் திறந்து பார்த்து, "அடிப்பாவி, ஒண்ணு நாலா?" என்றாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். சுவரில் வருவது இருநூறோ இருநூற்று நாற்பதோ, உள்ளே இருக்கும் பவர் சப்ளை அதைப் பன்னிரண்டாக்கித்தான் கொடுக்கும். மோட்டார் போட்டால் பல்பு மங்கும், ப்ராசஸருக்குத் தெரியவே தெரியாது. வேலை ஏறும்போது ப்ராசஸருக்குப் போகும் வோல்டேஜ் போர்டிலேயே கொஞ்சம் சரியும். அந்தச் சரிவை ஈடுகட்ட போர்டிலேயே ஒரு அளவு வைக்கலாம், அதை நான் தொடவே இல்லை. பகலில் அறை கொதிக்கும், சிப் தடுமாறும். மும்முனைக் கரண்ட் வருவதும் அந்த நேரம்தான். நான் ரெண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டேன். வோல்டேஜை ஏற்ற ஏற்ற சிப் உள்ளுக்குள் வெந்துவிட்டது.

"பத்துல ஒரு பங்கு வேகத்துக்காடி இவ்ளோ? சும்மா விட்டிருந்தாலே முடிஞ்சிருக்குமே."

சும்மா விட்டிருந்தால் முடிந்திருக்கும். மோட்டாரும் ஓடியிருக்கும்.

ஜூன் 16

பழைய வேகத்தைக்கூட இப்போது அது தாங்கவில்லை. 4.2-க்கு இறக்கினேன். ஓடுகிறது.

அண்ணனிடம் "சரியாயிடுச்சு, மோட்டாரப் போட்டுக்க" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. "மோட்டாரயே தாங்குற மாதிரி பண்ணிட்டியா? கெட்டிக்காரி!" என்று சிரித்துக்கொண்டே ஓடினான். என் நாக்கு எங்கே போயிருந்தது?

ஜூன் 17

முப்பது மணி நேரம் முடிந்தது. மோட்டார் ஓட ஓட.

ஜூன் 19

நாற்று பிழைக்கவில்லை. கையால் இழுத்தால் வேர் இல்லாமல் வருகிறது. அண்ணி அழுதார். அண்ணன், "கரண்டு செஞ்ச வேலைக்கு யாரு என்ன பண்றது" என்றான். இப்பவாவது சொல்லுடி என்று பத்து தடவை நினைத்தேன். படம் அனுப்புகிற வரைக்கும் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஜூன் 21

அனுப்பிவிட்டேன்.

ஜூன் 27

வேலை கிடைத்துவிட்டது.

அண்ணன் ஜாங்கிரி வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தான். "எங்க நாத்தக் குடுத்து வாங்குன வேல" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னான். துரைராசு மாமா வீட்டை மட்டும் தாண்டிப் போனான். என் ஜாங்கிரியைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவனைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப மோட்டாரு ஓடியிருந்தா?"

"ஒண்ணும் ஆயிருக்காதுண்ணே."

"துரைராசு மாமா மோட்டாரு?"

"அதுவும்தான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பதினஞ்சாந் தேதி."

திட்டுவான் என்று நினைத்தேன். கேணிச் சுவரில் உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "மாமாகிட்ட மூணு மா நடுற அளவுக்கு நாத்து மிச்சம் இருந்துச்சு பாப்பா. தப்பு அவரு மேலங்கற ரோசத்துல நான் போகல. எம்மேலன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே போயி கால்ல விழுந்தாவது கேட்டிருப்பேன். முந்தாநேத்து பேராவூரணிக்காரனுக்குக் குடுத்துட்டாரு."

ஐயோ. பன்னெண்டு நாளு வாயில என்னத்த வச்சிருந்தேன்.

ஜூலை 2

அண்ணன் மாமா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். என்னையும் வா என்று கூப்பிடவில்லை.

ஜூலை 14

குறுவை இல்லை. வயல் சும்மா கிடக்கிறது. முதல் சம்பளம் மாதக் கடைசியில் வரும், வீடு அதை எதிர்பார்த்திருக்கிறது. அண்ணி எனக்கு மட்டும் தயிர் கட்டியாக ஊற்றுகிறார்.

காலை ஒன்பதுக்கு அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. "கொல்லையில மாட்டுத் தீவனத்துக்கு வெதச்ச சோளம் வாடுது. ஒரு மணி நேரம் மோட்டார் போடணும். உன் வேல ஏதும் கெடாதே?"

"மோட்டாருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொன்னேனேண்ணே."

தலையாட்டினான். குத்திக் காட்டுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை, நிஜமாகவே கேட்கிறான். போடு என்று நான் சொல்கிறவரை அங்கேயே நின்றான்.