ஐயனாருக்கு எறிந்த கொப்பு

வட்டக்கச்சி,
19.09.1961.

அன்புள்ள நண்பன் செல்வநாயகத்துக்கு,

தில்லைநாதன் எழுதுவது. நானும் கமலாசனியும் சுகம். என் தொப்பையும் சுகம்; நீ மாற்றலாகிப் பதுளைக்குப் போனபின் இந்தப் பள்ளிக்கூடத்தில் முன்னேறியது அது ஒன்றுதான். நீயும் வீட்டாரும் அந்தக் குளிரில் விறைத்துப்போகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போகும்போது சாரணர் படையையும் விசிலையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். அரைக்காற்சட்டை போட மாட்டோம் என்று மற்ற ஆசிரியர்கள் ஒதுங்கிவிட்டார்கள். நான் போட்டேன். முதல் நாள் அதோடு தெருவில் இறங்கியபோது சந்திக் கடைப் பக்கீர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு, மிச்சத் துணியைத் தையற்காரன் வைத்துக்கொண்டானா என்று கேட்டான். அவன் சிரித்து முடியுமுன் நானும் சேர்ந்து சிரித்தேன். என்னைக் கண்டால் சிரிக்க வேண்டும் என்று இந்த ஊரை நானேதான் பழக்கினேன். அதன் பலனைத்தான் இப்போது எழுதுகிறேன்.

சங்கதி யோகலிங்கத்தைப் பற்றியது. பழைய ஊர் இரஞ்சிதத்தின் மகன். அவனைப் படையில் சேர்த்து உறுதிமொழி சொல்ல வைத்தவன் நீ. தை மாதம் கொழும்பில் நடக்கும் பெருமுகாமுக்கு எங்கள் படையிலிருந்து ஒரு பிள்ளைதான் போகலாம். அது அவன்தான் என்று நீ இங்கே இருக்கும்போதே பேச்சு. இப்போது அவன் போகவில்லை. படையிலும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் வருவதில்லை.

ஆவணி விடுமுறையில் குளத்துக்கு அப்பால் காட்டோரமாக மூன்று நாள் முகாம் போட்டோம். சோறு அடிப்பிடித்தது, பருப்பில் மணல் கடிபட்டது, எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கூட்டுறவுச் சங்கத் தலைவர் அப்புத்துரை தன் மகனுக்கு வண்டியில் தலையணையும் பலகாரமும் அனுப்பினார். சாரணன் கட்டாந்தரையில் படுக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு பிரசங்கம் செய்துவிட்டுத் தலையணையை நான் வைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் தடம் பிடிக்கும் விளையாட்டு. யோகலிங்கமும் நானும் முன்னே போய்க் கல்லாலும் குச்சியாலும் அடையாளம் வைத்துக்கொண்டு போக வேண்டும். அப்புத்துரையின் மகன் தன் அணியோடு அதைப் பார்த்துப் பின்னால் வர வேண்டும்.

காட்டுக்குள் நுழையுமுன் பழைய ஊர்ச் சனம், மிருகம் அண்டாமல் காவல் கேட்டு, ஒரு கொத்து இலை முறித்து மரத்தடியில் ஐயனாருக்கு வைப்பது உனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய எங்கள் ஆட்களுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் இளக்காரம். யோகலிங்கம் வழிக்கு வலப்பக்கம் நின்ற பாலை மரத்தடியில் கைப்பிடி இலை வைத்தான். அவன் வைத்தது வைத்தபடி இருந்தது. நான் இங்கே வந்த காலந்தொட்டுக் கரடிக்குப் பயந்தவன். என் பயத்துக்கு இலை போதாது என்று ஒரு கொப்பையே முறித்தேன். குனிந்து வைக்கத் தொப்பை விடவில்லை. நின்றபடியே எறிந்தேன். அது மரத்தில் பட்டுத் தெறித்து, வழியின் நடுவில் விழுந்து, நுனி இடப்பக்க மாட்டுப்பாதையைப் பார்த்தபடி கிடந்தது. ஐயனார் குறைசொல்ல மாட்டார் என்று நடந்துவிட்டேன்.

பின்னால் வந்த பிள்ளைகள் அதைச் சாரணர் அடையாளம் என்று நினைத்து இடப்பக்கம் திரும்பினார்கள். பொழுது சாயும்வரை ஆளில்லை. ஊரே திரண்டு குளக்கட்டில் நின்று கூப்பிட்டது. கடைசியில், மேய்ந்துவிட்டுத் திரும்பிய எருமைகளின் பின்னால் காலிலே முள்ளும் முகத்திலே கண்ணீருமாக ஆறு பேரும் வந்து சேர்ந்தார்கள். பதக்கம் கொடுப்பதானால் அந்த முன் எருமைக்குக் கொடுக்க வேண்டும்.

அடுத்த நாள் தலைமையாசிரியரின் அறையில் விசாரணை. அப்புத்துரை கதிரையை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டார். காட்டுச் சனத்தின் பழக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் விட்டால் இப்படித்தான் முடியும் என்றார். இலை வைத்தாயா என்று யோகலிங்கத்தைக் கேட்டார்கள். "ஓம் சேர், ஐயனாருக்கு வைச்சனான்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். என் கொப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் எழும்பினேன். பிள்ளைகளைத் திருப்பியது அவன் வைத்த இலை இல்லை, நான் எறிந்த கொப்பு, தொப்பையால் குனிய முடியாமல் எறிந்தேன், தெறித்து விழுந்து பாதை காட்டியது என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். செல்வநாயகம், அறை முழுவதும் சிரித்தது. அப்புத்துரையே சிரித்தார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காணும் தில்லை, எல்லாத்திலையும் பகிடி விடாதையும். பெடியனிலை இரக்கம் எண்டால் வேறை மாதிரிச் சொல்லும்" என்றார். நான் மறுபடி எழும்பினேன். இந்த முறை வாய் திறக்குமுன்னமே சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் அவன் கழுத்துத்துணியைக் கழற்ற வேண்டும் என்று கட்டளை. கழற்ற வேண்டியவன் சாரணர் ஆசிரியனான நான். மாட்டேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். இனி என்ன கூத்துக் காட்டப்போகிறேன் என்று முன்வரிசை சிரிக்க ஆயத்தமானது. யோகலிங்கம் ஒரு அடி முன்னே வந்து தானே அவிழ்த்தான். நீ பழக்கிய மாதிரி மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். பிறகு சாரணர் முறைப்படி இடது கையை நீட்டினான். நானும் இடது கையைக் கொடுத்தேன். வாத்தியாருக்கு இடது கை நீட்டுகிற வளர்ப்பைப் பார் என்று அப்புத்துரை பின்னால் நின்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அவருடைய மகன்தான் இப்போது கொழும்புக்குப் போகிறான். மற்ற ஐந்து பேரையும் காட்டிலிருந்து மீட்டு வந்தவன் என்று கூட்டுறவுக் கடையில் கதை நடக்கிறது. எருமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கமலாசனி இரஞ்சிதத்தின் வீட்டுக்குப் போய்வந்தாள். வாத்தியார் பொய் சொல்லவில்லை, கொப்பு அவருடையதுதான் என்று எடுத்துச் சொன்னாளாம். அந்த மனுஷி கேட்டுவிட்டு, "பெரிய வாத்தியார் பிழை எண்டு சொன்னால் பிழையாத்தானே அக்கா இருக்கும். நானும் அடிச்சுப்போட்டன்" என்றாவாம். அவன் வேலிக்கு அப்பால் மாடு கட்டிக்கொண்டு நின்றானாம். கூப்பிட்டும் வரவில்லை.

இனி நான் என்ன சொன்னாலும் இங்கே எடுபடாது. அழுதாலும் நன்றாக நடிக்கிறேன் என்பார்கள். நீ வாழ்நாளில் ஒரு பகிடியும் விட்டறியாதவன். அது உன் குறை என்று எத்தனை தரம் உன்னைக் கேலி செய்திருப்பேன்! இன்றைக்கு அந்தக் குறை எனக்கு வேண்டும். கொப்பு தில்லைநாதனுடையது, பிள்ளையில் பிழை இல்லை, அவனைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்று தலைமையாசிரியருக்கு உன் கையால் எழுது. உன் கடிதத்தை அவர் நம்புவார். யோகலிங்கத்துக்கும் தனியாக இரண்டு வரி எழுது. அவன் கழுத்துத்துணி என் அலுமாரியில் இருக்கிறது. கமலாசனி தோய்க்கக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை.

இந்தக் கடிதத்தைக் கமலாசனிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மூன்று இடத்தில் சிரித்தாள். தலைமையாசிரியருக்கு எழுதும்போது அந்த இடங்களை விட்டுவிடு. எவை என்று உனக்குத் தெரியாது. ஆகவே என்னைப் பற்றி நான் எழுதியது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அவனைப் பற்றியதை மட்டும் எழுது.

உனக்கும் பிள்ளைகளுக்கும் ஐயனார் துணை.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
தில்லைநாதன்.