ஆயுள் சாதனையாளருக்கு

அன்புள்ள அண்ணே,

போன மாதம் ஒரு காலையில், கடை திறக்கப் போகிற வழியில், அன்னவாசல் பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் டீக்கடைக் கூரைக்கு மேலே, ஆளைவிடப் பெரிதாக, வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். புதிதாகக் கட்டிய பேனர், பிளெக்ஸ் வாடைகூடப் போகவில்லை. உங்கள் கையில் சான்றிதழ். அதன் மறுமுனையைப் பிடித்தபடி நம் கல்லூரித் தாளாளர். சாதித்தவர் நீங்கள் என்றாலும் அவர் முகம்தான் பெரிது. கீழே உங்கள் பெயர், அரிமளம் என்று ஊர், அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில், 'ஆயுள் தண்டனை முதல் ஆயுள் சாதனை வரை! அட்மிஷன் நடைபெறுகிறது.'

நான் அண்ணாந்து நின்றதைப் பார்த்து டீக்கடைக்காரர் கேட்டார்.

“என்ன பாய், தெரிஞ்ச ஆளா?”

“கூடப் படிச்சவரு.”

“எங்கிட்டு, புதுக்கோட்டையிலயா?”

“இல்ல. உள்ள.”

அவர் என் டம்ளரை எடுத்தார். டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டார்.

நாம் படித்தது படிப்புத்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. வரப்புத் தகராறில் ஓர் உயிர் போய், நீங்கள் ஆயுள் கைதியாக உள்ளே இருந்தீர்கள். கடைத்தெரு வெட்டுக்குத்தில் சிக்கி நான் பின்னால் வந்து சேர்ந்தேன். ஒரே மாவட்டம் என்பதால் பேச்சு ஒட்டிக்கொண்டது. இப்போது பேனர் கட்டியிருக்கிற அந்தச் சமுதாயக் கல்லூரி சிறைக்குள் பிரிட்ஜ், ஏசி மெக்கானிக் டிப்ளமோ தொடங்கப்போகிறது என்று அறிவித்ததும் முதலில் பெயர் கொடுத்தவர் நீங்கள். “பேரு குடுங்க பாய். சும்மா ஒக்காந்து எவனைத் திட்டப்போறோம்?” என்றீர்கள். எனக்குத் திட்டுவதற்கு ஆள் நிறைய இருந்தார்கள். இருந்தும் கொடுத்தேன்.

பாடம் நடத்த வந்தவர் வாசலை ஒட்டியே நாற்காலியைப் போட்டுக்கொள்வார். மூக்கில் கைக்குட்டை. நம்மிடமிருந்து அடித்தது சோப்பு வாடைதான். அவர் எதற்காக மூக்கைப் பொத்தினார் என்று அவருக்கே தெரியாது. செம்புக் குழாயைப் பற்றவைக்க நெருப்பு வேண்டும், நெருப்புக்குச் சிறையில் அனுமதி இல்லை. அதனால் பற்றவைப்பைக் கரும்பலகையில் படமாக வரைந்து காட்டிவிட்டுப் போனார். நீச்சலைச் சுவரில் எழுதிப் போட்டுக் கற்றுக்கொடுத்த மாதிரி. நீங்கள் சாயங்காலங்களில் ஒரு வேப்பங்குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, இல்லாத குழாயில், இல்லாத தீயைக் காட்டிப் பழகுவீர்கள். மற்றவர்கள் “என்னண்ணே, பூசையா?” என்று சிரிப்பார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடி குச்சியைத் தூக்குவீர்கள்.

பிராக்டிகல் என்ற பெயரில் நடந்ததை மறக்க முடியுமா? அதிகாரிகள் வீட்டு பிரிட்ஜுகள் வரிசையாக உள்ளே வந்தன. அவற்றில் முக்கால்வாசிக்கு ஒரு கோளாறும் கிடையாது. அழுகிய காய்கறி நாற்றம் போகக் கழுவித் துடைப்பதற்குத்தான் அனுப்பினார்கள். பின்னால் மிக்ஸி வந்தது, கிரைண்டர் வந்தது, ஒரு தடவை ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளும் வந்தது. வேலை முடிந்ததும் அத்தனையும் கல்லூரியின் அறிக்கையில் செய்முறைப் பயிற்சி என்று ஏறியது. இதை நான் சொல்லிச் சிரித்தால் நீங்கள், “போகுது பாய், நட்டு போல்ட்டாவது கைக்குப் பழகுதுல்ல” என்பீர்கள்.

ஒரே ஒரு பிரிட்ஜ் மட்டும் நிஜமாகவே செத்துப்போய் வந்தது. அதை நீங்கள் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் சோற்றுக்குக்கூட உங்களைக் கூப்பிட்டு இழுக்க வேண்டியிருந்தது. கடைசியில் கம்ப்ரஸர் உறுமியபோது அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, “ஓடுது பாய், ஓடுது” என்றீர்கள். அந்த முகத்தை நான் உங்களிடம் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அந்தக் கல்லூரியிலிருந்து நமக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். அதையும் அவர்கள் தரவில்லை.

பேனரில் இருக்கிற படம் எடுத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கைதி உடுப்பு படத்துக்கு நன்றாக இருக்காது என்று கல்லூரியே வெள்ளைச் சட்டைகள் கொண்டுவந்தது. படம் எடுத்து முடித்ததும் கழற்றி வாங்கிக்கொண்டது. உங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது தாளாளர் கண்ணை மூடிவிட்டார். அதனால் அதைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்தார். அப்போதும் கண்ணை மூடினார். மூன்றாவது முறை விழித்துவிட்டார். மேடையில், “கல்விக்கு எந்தக் கதவும் அடைத்திருக்கக் கூடாது” என்று அவர் முழங்கினார். வந்தவர்களுக்கு லட்டும் காராச்சேவும் வைத்தார்கள். பட்டம் வாங்கிய நம்மைக் கணக்கெடுப்புக்கு என்று அதற்கு முன்பே உள்ளே அனுப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்தை நீங்கள் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தீர்கள். நான் அதைக் கொண்டு விசிறிக்கொண்டேன்.

விடுதலையாகி வந்தபின் அதே கல்லூரியில் பட்டறை உதவியாளர் வேலை காலி என்று கேள்விப்பட்டு, தேய்த்த சட்டையோடு நீங்கள் போனீர்கள். தாளாளர் உங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “ஒங்களுக்கு நல்லது பண்றதுதான் எங்க நோக்கம். ஆனா இது பொம்பளப் புள்ளைங்க படிக்கிற எடம், பாத்துக்கங்க” என்று சொல்லி அனுப்பினார். அவருடைய கையெழுத்து போட்ட சான்றிதழ் அப்போது உங்கள் கையில் இருந்தது. நேராக என் கடைக்கு வந்து இதைச் சொன்னீர்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. நீங்களோ தண்ணீர் குடித்துவிட்டு, “அவரு சொல்றதும் நியாயந்தானே பாய்” என்றீர்கள். அன்றைக்கு உங்கள்மேலும் எனக்குக் கோபம்.

பிறகு புதுக்கோட்டையில் ஏசி மாட்டுகிற வேலைக்குப் போனீர்கள். ஒரு லாட்ஜின் மூன்றாம் மாடியில், இடுப்பில் பெல்ட் இல்லாமல், வெளிச்சுவரில் பெட்டியைத் தூக்கி வைக்கும்போது தவறி விழுந்தீர்கள். உங்களை அந்தக் கல்லூரி கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய ஆட்கள் இல்லை அவர்கள்.

பேனரைப் பார்த்த அன்று மத்தியானமே உங்கள் வீட்டம்மா போன் பண்ணினார். அரிமளத்திலிருந்து உங்கள் மகள் நர்சிங் படிக்கப் புதுக்கோட்டைக்கு வந்துபோகிறாள் இல்லையா, நம் கல்லூரி வாசலிலும் கட்டிய இதே பேனர் அவள் பஸ் போகிற வழியில்தான் இருந்திருக்கிறது. அப்பா பெயரையும் ஊரையும் அவளோடு படிக்கிறவர்கள் பார்த்துவிட்டார்கள். “செயிலுக்குப் போனவரு மகளான்னு கேட்டாளுகளாம். அவ நாலு நாளா கெளம்ப மாட்டேங்குறாண்ணே. அதை எறக்கச் சொல்லுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று அழுதார்.

போனேன். தாளாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, இந்த முறை நாற்காலியும் காபியும் கொடுக்கச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன்.

“இதுல என்ன இருக்கு? அவருக்குப் பெருமைதானே! அவரையே ஒரு நாளைக்கு அழைச்சுட்டு வாங்க, பேசுவோம்.”

“அவரு எறந்துட்டாரு சார்.”

“அடடா, எப்ப?” என்று ஒரு கணம் முகத்தைத் தொங்கப்போட்டார். பிறகு உற்சாகமாகிவிட்டார். “அப்ப ஒண்ணு பண்ணுவோம். அவரு பேர்ல ஒரு நினைவுப் பரிசு வச்சுருவோம். நீங்களும் நம்ம ஸ்டூடன்ட்தானே, ஆண்டு விழாவுல நீங்களே குடுங்க. வெள்ளைச் சட்டை போட்டுட்டு வாங்க.”

காபியை நான் தொடவில்லை, அண்ணே.

மறுநாள் அட்மிஷன். நான் கடையைப் பூட்டிவிட்டு, கல்லூரி வாசலில் உங்கள் பேனருக்கு அடியில் போய் நின்றுகொண்டேன். கத்தவில்லை, கூட்டம் சேர்க்கவில்லை. பிள்ளைகளோடு வந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் மேலே கையைக் காட்டிச் சொன்னேன்: “இவரு என் சிநேகிதரு. நானும் இவரு கூட உள்ள இருந்தவன்தான். இந்தக் காலேஜ்லதான் படிச்சோம். வெளிய வந்து இங்கயே வேலை கேட்டாரு. குடுக்கல. இப்ப அவரு உயிரோட இல்ல. அவரு மக இந்தப் படத்தால காலேஜுக்குப் போக மாட்டேங்குது.” வாட்ச்மேன் வந்து, “பாய், அங்கிட்டு நகந்து நில்லுங்க” என்றார். அங்கிட்டு நகர்ந்து நின்று அதையே சொன்னேன்.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்திலிருந்து மகனோடு வந்த ஓர் அம்மா, முந்திரிக் காட்டு வேலைக்காரர் போல, முழுவதையும் நின்று கேட்டார். “அப்ப அவுங்க குடுத்த சர்டிபிகேட்ட அவுங்களே மதிக்கலையா?” என்று கேட்டுவிட்டு, மகன் கையைப் பிடித்து வந்த வழியே திரும்பினார். அதைப் பார்த்து இன்னும் சிலர் தயங்கி நின்றார்கள். உங்கள் வீட்டு மானம் போனபோது அசையாத தாளாளருக்கு அட்மிஷன் போனது பொறுக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஏணியோடு ஆள் வந்து பேனரை இறக்கினான். அன்னவாசலில் இருந்ததை நானே அறுத்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது டீக்கடைக்காரர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரிமளம் போனேன். உங்கள் மகள் மறுபடி வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். கேட்டவர்களிடம், “ஆமா, எங்கப்பாதான். இப்ப என்னங்கிறீங்க?” என்று சொல்லிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவள் கண்ணில் இருந்த அலட்சியம் நிச்சயம் உங்களிடமிருந்து வந்தது இல்லை. எனக்கு நிறைவாக இருந்தது. உங்கள் வீட்டம்மா எனக்குச் சோறு போட்டபடி, “இத்தோட விட்டுருங்கண்ணே. அவரு இருந்தா, அந்த ஆளு வந்தாக்கூட வாங்கன்னு எந்திரிச்சு நின்னுருப்பாரு” என்றார்.

உண்மைதான், நின்றிருப்பீர்கள். யாரையும் இளக்காரமாகப் பார்க்கத் தெரியாமலேயே போய்விட்டீர்கள். அந்தத் தாளாளரை, மூக்கைப் பொத்திய வாத்தியாரை, அழுகிய கத்தரிக்காயோடு பிரிட்ஜ் அனுப்பியவர்களைப் பார்த்து ஒரு முறையாவது நீங்கள் உதட்டைச் சுழித்திருக்க வேண்டும். உங்களால் முடியவில்லை. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தினமும் செய்கிறேன், உங்கள் பங்கையும் சேர்த்து.